வேலி தாண்டும் குதிரை

ஏப்ரல் பிறந்தால் கொட்டகலையில் நுவரெலியா பஸ் ஏறுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஹட்டனிலேயே நிரம்பி வரும். தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று ஒரு காலில் நின்றுகொண்டே போய் இறங்க வேண்டும். பூக்கண்காட்சி, கார் ஓட்டம், புத்தாண்டை ஒட்டிக் குதிரைப்பந்தயம். சின்ன வயசில் எங்களைக் கூட்டிக்கொண்டு போன பெரியவர்கள் பந்தயத்திடலுக்கு உள்ளே கூட்டிப் போனதாக எங்களில் யாருக்கும் ஞாபகம் இல்லை. வெளியில், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தோம். குதிரையைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் சத்தம் வரும். பிறகு ஒரு கணம், அவ்வளவுதான். அடுத்த ஓட்டத்துக்கு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும், அதற்குள் சோளப்பொத்தி வாங்கித் தருவார்கள்.

அந்தக் கம்பிவேலியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. ஆனால் நடுவில் டோக்கியோவுக்கு ஒருதரம் போய் வர வேண்டியிருக்கிறது.

2021 ஓகஸ்ட் மாதம் டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காக ஒருவர் குதிரையேற்றத்தில் கலந்துகொண்டார். மட்டில்டா கார்ல்சன். குதிரையின் பெயர் ஷோப்பான் வீ.ஏ. இலங்கையில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே ஒரு சுவீடன் குடும்பத்துக்குத் தத்துப் போய், அங்கே வளர்ந்து, குதிரையேற்றத்தை அங்கேயே படித்தவர். பிறந்த நாட்டுக்காகப் போட்டியிடுவது என்று அவராக முடிவெடுத்து வந்தார். இடையில் அவருடைய தகுதிப் புள்ளிகளைப் பற்றி ஒரு பெரிய சர்ச்சையும் நடந்து முடிந்தது. ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் இலங்கைக் கொடியோடு இறங்கிய முதல் ஆள் அவர்தான். அவர் கலந்துகொண்டது பந்தய ஓட்டம் அல்ல, தடைதாண்டல். போட்டித் திடலில் ஒரு சுமோ மல்யுத்த வீரரின் உருவத்தைத் தடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக் குதிரைகள் மிரளுகின்றன என்று பல நாட்டுச் சவாரிக்காரர்கள் முறைப்பட்டது அந்த வாரச் செய்திகளில் வந்தது.

இதை எங்கள் விடுதியில் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது ஒருத்தி கேட்டாள்: “நம்ம பக்கம் நூத்தம்பது வருசமா குதிரை நிக்குது. நம்ம ஆள் ஒருத்தராவது இத படிச்சிருக்காங்களா?” யாருக்கும் பதில் தெரியவில்லை. சரி, “இது” என்றால் என்ன என்பதே எங்களுக்குச் சரியாகத் தெரியாது என்று அப்போதுதான் விளங்கியது.

தேடிப் படித்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் குதிரை ஓடி வருகிறது, கம்பைத் தாண்டுகிறது, மேலே ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவு சுகமாகத் தெரியும். ஆனால் ஒரு முழுத் தடத்தைத் தாண்டிப் பழக வருடக்கணக்கில் ஆகும். தொடக்கத்தில் தடையே கிடையாது. ஆசிரியர் நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக ஓடவிடுவார், மேலே இருப்பவரிடமிருந்து கடிவாளத்தை வாங்கிவிடுவார். சில நாட்களில் கால்வளையத்தையும் கழற்றிவிடுவார். கை இரண்டையும் விரித்துக்கொண்டு, இடுப்பாலும் தொடையாலும் மட்டும் நிலைகொள்ளப் பழக வேண்டும். காரணம் எளிது. நிலை தடுமாறினால் மனுசன் கையில் கிடைத்ததைப் பிடிப்பான். கையில் கிடைப்பது கடிவாளம். கடிவாளத்தின் மறுமுனை குதிரையின் வாய்க்குள் இருக்கிறது. நம்முடைய பயத்தை அதன் வாயில் கட்டித் தொங்கவிடுகிறோம்.

அதற்குப் பிறகு தரையில் கிடக்கும் ஒரு கம்பு. பிறகு நாலைந்து கம்புகள், சம தூரத்தில். பிறகு முழங்கால் உயரத்தில் குறுக்கு மறுக்காக வைத்த இரண்டு கம்புகள். பிறகு நேர்த் தடை, பிறகு முன்னும் பின்னும் கம்பு வைத்த அகலத் தடை, பிறகு அடுத்தடுத்து இரண்டு மூன்று. கடைசியில்தான் வளைவும் திருப்பமுமாகப் பத்துப் பன்னிரண்டு தடைகள் உள்ள முழுத் தடம். ஒலிம்பிக்கில் உயரம் 1.60 மீட்டர் அளவுக்கு வரும். எங்களில் ரெண்டு பேருக்குத் தலைக்கு மேலே. ஒரு கம்பு விழுந்தால் 4 பிழைப்புள்ளி. குதிரை தாண்ட மறுத்து நின்றாலும் 4. இரண்டாம் தரமும் மறுத்தால் வெளியே. விழுந்தாலும் வெளியே.

உண்மையில் கஷ்டம் தடையில் இல்லை, இரண்டு தடைக்கு இடையில் இருக்கிற தரையில்தான் இருக்கிறது. பாய்ந்தோடும்போது குதிரையின் ஒரு எட்டு ஏறக்குறைய 3.6 மீட்டர். மனுசன் அளந்து வைத்தால் நாலு எட்டு. இரண்டு தடைக்கு நடுவில் 18 மீட்டர் இருந்தால், இறங்கும் இடத்தையும் எழும்பும் இடத்தையும் கழித்துவிட்டு நாலு குதிரை எட்டு. அதை நாலாகவே எடுக்க வேண்டும். நாலரை என்று ஒன்று இல்லை. எட்டு குறைந்தால் குதிரை கம்பை இடிக்கும், கூடினால் கம்புக்கடியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் போட்டிக்கு முன்னால் சவாரிக்காரர்கள் குதிரை இல்லாமல், சப்பாத்துக் காலோடு அந்தத் தடம் முழுவதையும் நடந்து அளப்பார்கள். குதிரைக்கு அந்தத் தடத்தைக் காட்டமாட்டார்கள். அது முதல்தரம் பார்ப்பது ஓடும்போதுதான். முன்கூட்டி நடந்து பார்த்தவரை நம்பி அது ஓடுகிறது.

இந்த முறையெல்லாம் பழையது என்று நினைத்திருந்தோம். இல்லை. நூறு வருசத்துக்குச் சற்று முன்பு வரை ஐரோப்பியக் குதிரைப்படைகளில் தாண்டும்போது பின்பக்கம் சாய்ந்து, கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஃபெடெரிகோ கப்ரில்லி என்கிற இத்தாலியப் படை அதிகாரி (1868–1907) ஆள் ஏறாத குதிரை எப்படித் தாண்டுகிறது என்று கவனித்துப் பார்த்தார். அது கழுத்தை நீட்டுகிறது, முன்காலில் இறங்குகிறது. அப்படியானால் மேலே இருப்பவர் முன்பக்கம் குனிந்து, முதுகைவிட்டு எழும்பி, வாயை விட்டுவிட வேண்டும். குதிரைக்குத் தெரிந்த வேலையைக் குதிரை செய்யட்டும், நீ குறுக்கே நிற்காதே என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பின் சாரம். இன்றைக்கு உலகமெல்லாம் தாண்டுவது அந்த முறையில்தான். எங்களுக்கு இதைப் படிக்கும்போது ஒரு சந்தேகம் வந்தது. தினமும் குதிரையைக் குளிப்பாட்டி, நடக்கவிட்டு, அவிழ்த்துவிட்டுப் பார்த்த குதிரைக்காரர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்காதா? தெரிந்திருந்தாலும் அவர்களிடம் யார் கேட்டார்கள்.

இப்போது வேலிக்கு வருவோம்.

குதிரையை எதற்காக வேலி தாண்டப் பழக்கினார்கள்? இங்கிலாந்தில் நாய்க்கூட்டத்தோடு நரிவேட்டைக்குப் போவது நிலக்கிழார்களின் பொழுதுபோக்கு. திறந்த வெளியில் ஓடும்வரைக்கும் தாண்ட வேண்டிய தேவை பெரிதாக இல்லை. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் பாராளுமன்றம் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டு, ஊருக்குப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலத்தையும் வயலையும் தனியார் சொத்தாக்கி வேலி அடைத்தது. ஏழைக் குடியானவரின் மாடு மேய இடமில்லாமல் போனது. நரி மட்டும் வேலிக்கு அடியால் நுழைந்து ஓடியது. அதைத் துரத்துகிறவர் குதிரையோடு வேலியைத் தாண்ட வேண்டி வந்தது. பிறகு அந்தத் திறமையைத் தனியாக எடுத்து, காட்சிகளில் வைத்து, விளையாட்டாக்கினார்கள். 1868இல் டப்ளினில் ராயல் டப்ளின் சொசைட்டி நடத்திய தாண்டல் போட்டி பேர்போனது. 1900இல் பாரிஸ் ஒலிம்பிக், 1912இல் ஸ்டொக்ஹோம்.

ஆக, பொது நிலத்தைப் பறித்துப் போட்ட வேலிதான் இந்த விளையாட்டுக்கு முதல் தடை. வேலி போட்டவர்களே அதைத் தாண்டுவதையும் வித்தையாக்கிக் கைதட்டிக்கொண்டார்கள்.

இதே வேலை இங்கேயும் நடந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் தரிசையும் முடிக்குச் சொந்தமாகக் கொண்டது. கண்டி நாட்டுக் கிராமத்தவர்கள் தலைமுறையாகப் பயிரிட்ட சேனைக்கு எந்த உறுதி இருந்தது? அந்தக் காணிகள் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குக் கூடக் கோப்பித் தோட்டங்களுக்கு விற்கப்பட்டன. அந்தத் தோட்டங்களுக்காகத்தான் எங்களுடைய பாட்டன் பூட்டிகள் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரைக்கும் நடந்து வந்தார்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்த பிறகும் அவர்களுக்கு வேலி இருந்தது. கம்பி இல்லாத வேலி. அதற்குப் பெயர் துண்டு. கங்காணியின் கடன்கணக்கை எழுதிய துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு வேலைக்குப் போக முடியாது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் வந்துதான் துண்டுமுறை ஒழிந்தது. அதற்கு முன் தாண்டியவர்களுக்கு யாரும் கிண்ணம் கொடுக்கவில்லை. வேலி தாண்டிய வெள்ளாடு என்று பேச்சும் பிரம்படியும்தான்.

நுவரெலியாவுக்குக் குதிரை வந்த கதையில் ஒரு சிரிப்பும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனசில்லை. 1848இல் சாமுவேல் பேக்கர் இங்கே ஒரு ஆங்கிலக் கிராமத்தையே உண்டாக்குவது என்று ஆட்கள், மாடு, ஆடு, வேட்டை நாய்க்கூட்டம், உயர்ரகக் குதிரை, வண்டி எல்லாவற்றையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். கூடவே பெர்க்ஸ் என்கிற ஆங்கிலக் குதிரைக்காரரும் வந்தார். பெர்க்ஸுக்குக் குடிப்பழக்கம். றம்பொடைக் கணவாயில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் விட்டார். தான் தப்பியது பெரிய பாக்கியம் என்று எசமானுக்குக் கடிதமும் எழுதினார். பிறகு உதவிக்கு அனுப்பிய யானையைக் குதிரை மாதிரி விரட்டி ஓட்டி, அதுவும் செத்தது. இதையெல்லாம் பேக்கரே தன் ‘எயிட் இயர்ஸ் வொண்டரிங்ஸ் இன் சிலோன்’ (1855) புத்தகத்தில் ரசித்து எழுதியிருக்கிறார். வாசிக்கும்போது நாங்களும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகு ஒன்று உறைத்தது. குடித்துவிட்டு ரெண்டு குதிரையையும் ஒரு யானையையும் கெடுத்த வெள்ளைக் குதிரைக்காரருக்குப் பெயர் இருக்கிறது. அதற்குப் பிறகு நூறு வருசம் ஒழுங்காகக் குதிரையைப் பார்த்துக்கொண்ட தமிழ்க் குதிரைக்காரர் ஒருவரின் பெயரையும் நாங்கள் பார்த்த புத்தகங்களில் காணவில்லை.

1875இல் ஜிம்கானா கிளப்போடு நுவரெலியாப் பந்தயம் முறையாகத் தொடங்கியது. 1885இல் ரயில் நானுஓயா வரை வந்தது. மோட்டார் வண்டி வரும்வரை துரைமார் மலை சுற்றிப் பார்த்ததும், கிளப்புக்குப் போனதும், பக்கத்துத் தோட்டத்துக்கு விருந்துக்குப் போனதும் குதிரையில்தான். ஒவ்வொரு குதிரைக்குப் பின்னாலும் ஒரு குதிரைக்காரர், ஒரு புல்லுக்காரர். துரை ஏறிப் போனால் குதிரைக்காரர் பக்கத்தில் ஓட வேண்டும். துரை இறங்கிய இடத்தில் கடிவாளத்தை வாங்கிக்கொள்ள ஆள் நிற்க வேண்டுமே. குதிரைக்கு வயிறு உப்பினால் ராத்திரி முழுக்க நடத்துவது அவர். குளம்பில் கல் ஏறினால் எடுப்பது அவர். எந்தக் குதிரை எதற்கு மிரளும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஏறுவது மட்டும் அவருடைய வேலையில் இல்லை.

எங்களை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தது இரண்டு சொற்கள். குதிரை கட்டும் இடத்துக்குத் தமிழில் லாயம் என்று பெயர். பழைய சொல். நாங்கள் இருக்கும் இடத்துக்கு லயம் என்று பெயர். அது ஆங்கில ‘லைன்’ எங்கள் வாயில் மாறி வந்தது. இரண்டுக்கும் வேர் வேறு, சம்பந்தம் கிடையாது. ஒரு கால் எழுத்துத்தான் வித்தியாசம், அதுவும் தற்செயல். ஆனால் அளவு தற்செயல் இல்லை. இன்றைக்கு ஒரு குதிரைக்குத் தனிக் கொட்டில் கட்டுவதென்றால் 12க்கு 12 அடி வேண்டும் என்று கைநூல்கள் சொல்லுகின்றன. படுத்து எழும்பித் திரும்ப இடம் வேண்டுமாம். ஒரு குடும்பம் முழுவதும் இருந்து பிள்ளை பெற்று வளர்த்த பழைய லயத்து அறை 10க்கு 12 அடி. நாங்கள் அளவு நாடா கொண்டுபோய் அளக்கவில்லை. எங்களில் பாதிப்பேர் அந்த அறையில்தான் ஓ.எல். படித்தோம், கண்ணை மூடிக்கொண்டே அளவு சொல்லுவோம்.

ஏறுவது யாருடைய வேலை என்கிற கேள்வி மலைநாட்டுக்கு மட்டும் உரியது இல்லை. 1948 லண்டன் ஒலிம்பிக் வரைக்கும் குதிரையேற்றத்தில் படை அதிகாரிகளும் கனவான்களும் மட்டும்தான் இறங்கலாம். சாதாரணச் சிப்பாய் கூடாது. அந்த வருசம் சுவீடன் அணியில் யேநெல் பெர்சொன் என்ற சார்ஜன்ட் இருந்தார். போட்டிக்காக அவரைத் தற்காலிகமாக லெப்டினன்ட் ஆக்கினார்கள். குதிரையை நடைபழக்கிக் காட்டும் போட்டியில் அணிக்குத் தங்கம் கிடைத்தது. முடிந்த கையோடு மறுபடி சார்ஜன்ட் ஆக்கினார்கள். விசயம் வெளியே வந்து, 1949இல் தங்கத்தைப் பறித்தார்கள். அவர் சவாரியில் ஒரு பிழையும் கண்டுபிடிக்கவில்லை, தோள்பட்டையில் நட்சத்திரம் போதவில்லை. 1952 ஹெல்சிங்கியில் விதி மாறியது. பெர்சொன் திரும்பி வந்து அதே போட்டியில் அணியோடு தங்கம் வாங்கினார். அதே வருசம் டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல், இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர், ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி எடுத்தார். தடைதாண்டலில் பெண்களை விட்டது 1956இல். பிரித்தானியாவின் பாட் ஸ்மைத் அந்த வருசமே அணியோடு வெண்கலம் வாங்கினார்.

நம்முடைய பக்கத்தில் இந்த விதி எழுதி வைக்கப்படவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். ஊர் எல்லையில் ஐயனார் குதிரையில் இருப்பார், சாமி குதிரை வாகனத்தில் வீதி வரும், அதைத் தோளில் சுமப்போம். இந்தியாவில் குதிரையேறிப் போன தலித் மாப்பிள்ளைகளை மறித்து அடித்த செய்தி இன்னும் வருகிறது. மாரி செல்வராஜ் தன் முதல் படத்துக்குப் ‘பரியேறும் பெருமாள்’ (2018) என்று பெயர் வைத்ததும், ‘கர்ணன்’ (2021) படத்தில் ஒரு குதிரையை ஊருக்குள் நிறுத்தியதும் சும்மா அழகுக்கு இல்லை என்று எங்களுக்கு இப்போதுதான் முழுசாக விளங்குகிறது.

மட்டில்டா கார்ல்சன் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சந்தோசம்தான். அவர் இங்கே வளர்ந்திருந்தால் அந்தக் குதிரையில் ஏறியிருப்பாரா என்று கேட்டுப் பார்க்கிறோம், அவ்வளவுதான். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளிக்கு நாள் சம்பளம் 1000 ரூபா என்று சம்பளச் சபை தீர்மானித்தது. அதற்கே எத்தனை வருசம் ரோட்டில் நின்றோம். ஐந்து மாசம் கழித்து டோக்கியோவில் இலங்கையின் குதிரை ஓடியது. இரண்டும் ஒரே நாட்டின் ஒரே வருசத்துச் செய்தி. ஒரு தடைதாண்டல் குதிரைக்குத் தீனி, லாடம், வைத்தியம், பயிற்சித் திடல், வருசக்கணக்கான ஓய்ந்த நேரம் எல்லாம் வேண்டும். இதில் கடைசியாகச் சொன்னது எங்கள் அம்மாமாரிடம் ஒருநாளும் இருந்ததில்லை.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாசம் நுவரெலியா போனோம். பந்தயத்திடலை இன்னொருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு கிரகரி வாவிப் பக்கம் போனோம். அங்கே மட்டக்குதிரைகளில் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்றுக் காட்டுவார்கள். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தவனுக்கு எங்களைவிட ரெண்டு மூன்று வயசு குறையும். ஒரு நாளைக்கு எத்தனை சுற்று நடப்பாய் என்று கேட்டோம். எண்ணுறதில்லண்ணே என்றான். ஓட்டத் தெரியுமா என்று கேட்டதற்குச் சிரித்தான். யார் சொல்லித் தந்தது? “யாரு சொல்லித் தர்ற. வாயப் புடிச்சு இழுக்காம இருந்தா அதுவே போகும்.” நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கப்ரில்லியின் பெயரைச் சொல்லலாமா என்று ஒருத்தன் வாயெடுத்தான், அவனை அடக்கினோம்.

ஆறு மணிக்குக் கூட்டம் கலைந்தது. பனி இறங்க ஆரம்பித்தது. அவன் சேணத்தைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெறும் முதுகில் ஏறினான். ரோட்டுக்கும் லாயத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதைக்கும் நடுவில் ஒரு கான் ஓடுகிறது. கொஞ்சம் தள்ளிப் பாலம் இருந்தது. அவன் பாலத்துக்குப் போகவில்லை. கழுத்தோடு குனிந்தான், கை முன்னால் போனது, மட்டக்குதிரை கானைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. நாங்கள் பார்த்தோமா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

நாங்கள் பாலத்தால் சுற்றிப் போய், குளம்பு எழும்பிய இடத்திலிருந்து பதிந்த இடம் வரை காலால் அளந்தோம். மூன்று எட்டும் கொஞ்சமும் வந்தது. கடைசி பஸ் பிடிக்க ஓட வேண்டியிருந்தது.